வெட்டாமல் விட்ட ஒரு முழம்

"படுத்துக்கோ," என்றார் மேடம்.

ரேடியோ சுற்றும்முற்றும் பார்த்தான். உச்சி வெயில். வாசல் கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் கல் பதித்த நடைபாதை, அதன் இரண்டு பக்கமும் புல்தரை. கட்டில் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கண்ணில் படவில்லை.

"எங்கே மேடம்?"

"கல்லு மேலதான்."

"மத்தியானம் கொஞ்சம் கண்ணசர்ற பழக்கம் எனக்கு உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதைப் போற இடத்துல எல்லாம் காட்டிக்கணுமா?"

"கன்னத்தைத் தரையில வச்சு, புல் ஓரத்தை நீளவாக்குல பாரு. பார்த்ததைச் சொல்லு. பார்க்காததைச் சொல்லாதே."

கடைசி வாக்கியம் ரேடியோவுக்கென்றே தயாரித்தது. முன்னாள் பஸ் கண்டக்டர் அவன். வாய் மூடுவதே இல்லை என்பதால் பஸ்ஸில் யாரோ வைத்த பெயர் ரேடியோ. வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் நசுங்கின கார்களையும் பார்த்து, யார் உண்மை சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றதும் ஒற்றை அறையில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அந்த ஆபீஸின் மொத்தப் படையும் இப்போது கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தது.

ரேடியோ வீட்டில் யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வேறு ஊரில். பகலிலேயே பேசித் தீர்த்துவிட்டால் சாயந்திரம் பூட்டைத் திறக்கும்போது அவ்வளவாகக் கஷ்டம் தெரியாது என்பது அவன் கண்டுபிடிப்பு. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மேடத்துக்குத் தெரியும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

கேஸ் காலையில்தான் வந்தது. கொண்டுவந்தது தோட்டக்காரரின் மனைவி. நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் புல்லைத் தவிர வேற எதையும் வெட்டினதில்லை மேடம். அவரைப் போய் லாக்கப்ல வச்சிருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டாம்."

இப்போது ரேடியோ படுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். முந்தாநாள் காலை நடைபாதையில் விழுந்து, மண்டையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். முதலில் ஓடி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் தோட்டக்காரர். நல்லது செய்யப் போய் நன்றாக மாட்டிக்கொண்டார். பக்கத்துத் தெருமுனை வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர், மிஷினைத் தோளில் மாட்டியபடியே ஓடி வந்திருக்கிறார். கப்பல்காரர் வீட்டுப் புல் ஓரமோ அப்போதுதான் வெட்டியதுபோல ஈரம் காயாமல் இருந்தது. போன வாரம்தான் "என் ஓரத்துல கை வச்சே, கையை முறிச்சுடுவேன்" என்று கப்பல்காரர் கேட்டில் நின்று தோட்டக்காரரைப் பார்த்துக் கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் கூட்டினார். சொல்லாமல் வெட்டினான், கிழவர் கத்தினார், இவன் தள்ளினான். விடை வந்துவிட்டது.

தோட்டக்காரர் சொன்னது வேறு. "நான் மிஷினை அணைச்சுட்டுத் தண்ணி குடிச்சிட்டிருந்தேன். அந்த வீட்டுல ஒரு மிஷின் ஓடிட்டிருந்துச்சு. நடுவுல பட்டுன்னு நின்னுச்சு. ஏதோ விழுந்த சத்தம். அதான் ஓடினேன்."

போலீஸ் வீடு முழுக்கத் தேடியது. மிஷின் இல்லை.

ஆக, மேடம் ஆட்டோவில் வரும்போதே சொன்னபடி, கேள்வி ஒன்றே ஒன்றுதான். சத்தம் போட்ட மிஷின் எங்கே? அது கிடைத்தால் தோட்டக்காரர் வெளியே. கிடைக்காவிட்டால் உள்ளே.

"ஓரம் அம்சமா இருக்கு மேடம்," என்றான் ரேடியோ கல்லிலிருந்து. "நூல் பிடிச்ச மாதிரி. என் சலூன்காரர் கிருதாவைக்கூட இவ்வளவு நேரா எடுத்ததில்லை. ஒரு பக்கம் ஒரு இன்ச் ஏறித்தான் இருக்கும்."

"கிருதாவை விடு."

"நடுவுல ஒரு முழம் மட்டும் வெட்டலை. புல்லு கல்லு மேல தொங்கிட்டு இருக்கு. அப்புறம் மறுபடியும் நேர்கோடு. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி சுத்தமா நின்னு போச்சு."

"நின்னது அவர் விழுந்த இடம். நடுவுல ஒரு முழம் ஏன்?"

"விட்டுப் போயிருக்கும். வயசானவர்."

மேடம் குனிந்து, தொங்கிய புல்லில் ஒன்றைப் பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். விரல் நீளம். நுனி ஊசிபோல இருந்தது.

"ஒரு தடவை விட்டுப் போனா இவ்வளவு வளராது. நுனியில வெட்டுக் காயமே இல்லை. பல மாசமா இந்த ஒரு முழத்தை மிஷின் தொட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் வந்து, இங்கே தூக்கி, அங்கே இறக்கியிருக்கு."

ரேடியோ எழுந்து உட்கார்ந்தான். காலையில் லாக்கப் கம்பி வழியாகத் தோட்டக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் நினைவுக்கு வந்தது. கையில் பிடிக்கிற புல்வெட்டிதான். ஆனால் அதன் தலையைக் கழற்றிவிட்டு, ஓரம் வெட்டுகிற தலையை மாட்டிக்கொள்ளலாம். அதில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது கல்லின் மேல் உருளும். பிளேடு நெட்டுக்குத்தலாகக் கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே இறங்கும். கையை ஆட்டாமல் பின்னாலேயே நடந்தால் போதும், கோடு தானாக நேராக வரும். தோட்டக்காரரிடம் அந்தத் தலை கிடையாது. அவருடையதில் நைலான் நூல்தான் சுற்றும். நூல் அடித்த புல் நுனி பிய்ந்து நாராக நிற்கும்.

"வெட்டின ஓரம் பிய்ஞ்சிருக்கா, அறுத்திருக்கா?" என்றார் மேடம்.

"கேக்கை அறுத்த மாதிரி இருக்கு. அப்போ தோட்டக்காரர் இல்லைன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட..."

"தோட்டக்காரர் மிஷின்ல நூல்தான், போய் ஓரத்தைப் பாருங்கன்னு காலையிலேயே சொன்னேன். 'புல்லு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா'ன்னு கேட்டார். பேசுற சாட்சி வேணுமாம்."

அவர் பேசிக்கொண்டே வெட்டாத அந்த ஒரு முழத்துக்குப் பின்னால் புல்லை விரல்களால் விலக்கினார். மண்ணில் நான்கு சின்னக் குழிகள். சதுரமாக. சுண்டு விரல் போகிற அளவு.

"நாற்காலி!" என்றான் ரேடியோ. குரல் தானாகத் தாழ்ந்தது. "மேடம், புரிஞ்சு போச்சு. செத்துப்போன சம்சாரம் உட்கார்ந்த இடம். அவங்க நாற்காலி இருந்த இடத்தை மனுஷன் இன்னும் வெட்டாம விட்டு வச்சிருக்கார்."

அவன் வீட்டிலும் கட்டிலின் சுவர்ப் பக்கத்தில் ஒரு தலையணை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மேடம் அவனைச் சற்று நேரம் பார்த்தார். "இருக்கலாம்," என்றார், அவருக்கு வராத மென்மையோடு. "கேட்டுடுவோம்."

கப்பல்காரரின் மகன் வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேற்று வந்து இறங்கியிருந்தான். கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ "இன்னும் ரெண்டு நாள்ல வந்துடுவேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் போனை அணைத்தான். மேடம் யார் என்று சொன்னதும் அவன் முகமும் அணைந்தது.

"அந்த ஆளுக்காக வந்தவங்களா? அப்பாவைத் தள்ளிவிட்டவனுக்கு?"

"தள்ளினது யாருன்னு தெரிஞ்சுக்க வந்தவங்க," என்றார் மேடம். "அப்பாகிட்ட ஓரம் வெட்டுற மிஷின் இருந்ததா?"

"இருந்தது. போன வருஷம் தலைசுத்தி விழுந்தார். குனிஞ்சு நிமிர்ற வேலையே கூடாதுன்னுட்டார் டாக்டர். நான்தான் மிஷினைக் கார்ல போட்டு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"நல்லது. அதுக்கப்புறம் இந்த ஓரத்தை யாரு வெட்டினாங்க?"

மகன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

"கவனிச்சதில்லை," என்றான் கடைசியில்.

"அம்மா இருந்தப்போ வெளியே புல்லுல நாற்காலி போட்டு உட்காருவாங்களா?" இது ரேடியோ.

"அம்மாவா? புல்லு பக்கம் போனாலே தும்மல் பிடிச்சுக்கும். இந்த ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டாங்க."

ரேடியோவின் கண்டுபிடிப்பு அந்த இடத்திலேயே பொட்டென்று விழுந்தது. மேடம் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்.

"அப்பாவைப் பார்க்க யாராவது வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க. அவருக்கு யாரும் தேவையில்லை. தனியா இருந்தே பழகிட்டார்."

சமையலறையில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ரேடியோ எட்டிப் பார்த்தான். ஒரு தட்டு, ஒரு கப், ஒரு ஸ்பூன். அவன் வீட்டிலும் இதே கூட்டணிதான். தனியாக இருந்து பழகுவது என்று ஒன்று இல்லை என்று அந்தப் பையனுக்குச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. நாற்காலிகளை மட்டும் பார்த்தான். எல்லாம் தேக்கு, காலெல்லாம் தூண் கனம். அந்தக் குழிகளுக்குள் போகாது.

வெளியே வந்ததும் மேடம் நின்றார். "ரேடியோ, நீ பணத்துக்குப் புல் வெட்டுறவன். நடுவுல ஒரு நாற்காலி இருக்கு, அதுல ஒரு ஆள். என்ன செய்வே?"

"'சார், கொஞ்சம் எழுந்திருங்க'ன்னு சொல்லிட்டு, நாற்காலியைத் தூக்கி வச்சுட்டு வெட்டுவேன்."

"உட்கார்ந்திருக்கிறது உன் பொண்டாட்டி."

"'எழுந்து தொலையேன், கால்ல வெட்டிடப் போகுது'ன்னு கத்துவேன். அவ எழுந்திருக்க மாட்டா. அது வேற கதை."

"அப்போ சுத்திக்கிட்டுப் போறவன் யாரு?"

ரேடியோ தனக்குத் தெரிந்த ஆட்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

மேடம் பதிலுக்குக் காத்திராமல் புல்லின் குறுக்கே நடந்தார். போலீஸ் பூட்ஸ்கள் முன்பக்கத்தைத்தான் துவைத்திருந்தன. வீட்டின் பக்கவாட்டில் மண் ஈரமாக இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. ஓரம் வெட்டும் தலையின் சின்னச் சக்கரம் இழுபட்டுப் போன தடம். அது கேட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே இருந்த செடி வேலிக்குப் போனது. வேலியில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஓர் ஆள் நுழையும் இடைவெளி.

"திருடன் வழி!" என்றான் ரேடியோ.

"கிளையெல்லாம் பாரு. முகத்துல குத்தாம இருக்க எவ்வளவு அக்கறையா வெட்டியிருக்குன்னு. கப்பல்காரர் எவ்வளவு உயரம்?"

"கூடத்துல போட்டோவுல மகனை விட ஒரு தலை உயரமா இருந்தார்."

"இந்த வழி அவர் தோள் வரைக்கும்தான் இருக்கு. இதை அவர் தனக்காக வெட்டலை."

இருவரும் குனிந்து நுழைந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்கச் சிமெண்ட் தளம். ஒரு புல் இல்லை, ஒரு பூந்தொட்டி இல்லை. முன்கதவு தெருவைப் பார்த்து இருந்தது. மேடம் அதை விட்டுவிட்டுப் பின்கதவுக்குப் போய் இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே யாரோ ஓட்டமும் நடையுமாக வரும் சத்தம். தாழ்ப்பாள் அவசரமாக விழுந்தது. கதவைத் திறந்தது குள்ளமான ஒரு அம்மாள். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைத் தலை, மூக்குக்கண்ணாடி. திறந்தபோது அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் இவர்களைப் பார்த்ததும் போன வேகத்தை ரேடியோவால் பார்க்க முடியவில்லை. பார்வையைத் திருப்பிக்கொள்ளச் சுவரில் ஒரு காலண்டரைத் தேடினான். அதுவும் இல்லை அங்கே.

"யாரு நீங்க? இந்தப் பக்கமா எப்படி வந்தீங்க?"

"வேலி வழியா, அக்கா," என்றார் மேடம். "முன்கதவைப் போலீஸ் தட்டினப்போ நீங்க திறக்கலையாமே."

அம்மாள் கதவைச் சாத்தவில்லை.

சங்கடமான இடங்களில் ரேடியோ தண்ணீர் கேட்பான். கேட்டான். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னான். அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் என்பதும், கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதும், தண்ணீர் வருவதற்குள் தெரிந்துவிட்டது. கண்டக்டர் வேலையில் கற்ற வித்தை. சுவரில் சாய்த்து வைத்திருந்த மடக்கு நாற்காலியை இழுத்து உட்காரப் போனான்.

"அது வேண்டாம்!" அம்மாள் குரல் சட்டென்று உயர்ந்தது. "இதுல உட்காருங்க."

வேறு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துக்கொண்டே கண்ணை ஓட்டினான். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், தரையில், செங்கல் கனத்தில் ஏதோ ஒன்று சார்ஜில் போட்டிருந்தது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"எவ்வளவு பெரிய போன்மா வச்சிருக்கீங்க!" என்றான் ரேடியோ. "டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல இருந்தவங்கன்னா இப்படித்தான் கொடுப்பாங்களோ? பாக்கெட்ல வச்சா பேன்ட் கழண்டுடுமே!"

யாரும் சிரிக்கவில்லை. மேடம் மெதுவாகத் தலையைத் திருப்பி அந்த விளக்கைப் பார்த்தார். அம்மாளும் பார்த்தார். கடைசியாக ரேடியோவும், தான் சொன்னது என்ன என்று புரிந்து, பார்த்தான்.

"புல்லே இல்லாத வீட்டுல புல்வெட்டி பேட்டரி," என்றார் மேடம். எழுந்துபோய் மடக்கு நாற்காலியைத் திருப்பினார். இரும்புக் குழாய்க் கால்களின் அடியில் மண் அடைத்திருந்தது, மண்ணோடு பச்சை. "இந்தக் காலுக்குப் பொருத்தமா நாலு குழி அங்கே இருக்கு. ஒரு தடவை உட்கார்ந்து வந்த குழி இல்லை. ரொம்ப நாளா உட்காருறீங்க."

அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"மிஷினும் இங்கேதானே இருக்கு?"

"ஸ்டோர் ரூம்ல," என்றார் அம்மாள். ஒருமுறை வாய் திறந்ததும் நிறுத்த முடியவில்லை. "பையன் பழைய மிஷினை எடுத்துட்டுப் போயிட்டான். அவர் புதுசா ஒண்ணு வாங்கி இங்கே கொண்டாந்து வச்சார். 'உங்க வீட்டுல தேட மாட்டான்'னார். ஓரம் கோணலா இருந்தா அவருக்குத் தூக்கம் வராது. நான் முடியாதுன்னுதான் சொல்லியிருக்கணும். சரின்னுட்டேன். தலைசுத்தல் வந்தா பிடிக்க ஒரு ஆள் வேணுமில்லையா, அதான் நாற்காலியை எடுத்துட்டுப் போய் உட்கார ஆரம்பிச்சேன். முதல்ல அதுக்காகத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மா உட்கார்ந்தேன்." அம்மாள் தரையைப் பார்த்தார். "அவர் வெட்டுவார். மிஷினை அணைச்சுட்டு ஏதாவது சொல்வார். மறுபடி வெட்டுவார். ஒரு நாள் 'நான் எழுந்துக்கவா, இந்த இடமும் நேரா வந்துடுமே'ன்னு கேட்டேன். 'வேண்டாம், நான் சுத்திப் போறேன்'னார்."

மேடம் கேட்ட கேள்விக்கான பதில் ரேடியோவுக்கு இப்போதுதான் கிடைத்தது. சுற்றிக்கொண்டு போகிறவன், எழுந்தால் அப்படியே போய்விடுவாளோ என்று பயப்படுகிறவன்.

"முந்தாநாள் என்ன நடந்தது?" என்றார் மேடம்.

"ஓரம் முடியப்போற நேரம். திரும்பி என்னவோ சொல்ல வந்தார். சொல்லலை. அப்படியே சாஞ்சார். நான் எழுந்து ஓடறதுக்குள்ள கல்லுல தலை..." அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "பிடிக்கத்தானே உட்கார்ந்தேன். பிடிக்கலையே. தெருமுனையிலிருந்து தோட்டக்காரர் 'என்னாச்சு'ன்னு கத்திக்கிட்டே ஓடி வர்றது கேட்டுது. அவர் வர்றார்னு தெரிஞ்சதும் பயம் வந்துடுச்சு. இந்த வயசுல நாலு பேர் என்ன பேசுவாங்க? பையன் அவரை என்ன கேட்பான்? நாற்காலியையும் மிஷினையும் எடுத்துட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன்."

"வந்து பேட்டரியைச் சார்ஜ் போட்டீங்க," என்றான் ரேடியோ. கேலி இல்லாமல் அவனால் பேச முடியும் என்று அவனுக்கே தெரியாது.

"வேலை முடிஞ்சதும் சார்ஜ்ல போட்டுடணும்னு சொல்வார். அவர் வந்தா வேணுமே."

கொஞ்ச நேரம் பச்சை விளக்கு மட்டும் வேலை செய்தது.

"அவர்..." அம்மாள் கேட்டார். "அவர் எப்படி இருக்கார்?"

இரண்டு நாளாக இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவருக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை என்று ரேடியோவுக்கு அப்போது உறைத்தது.

"உயிரோட இருக்கார். இன்னும் கண் திறக்கலை," என்றார் மேடம். "ஆஸ்பத்திரிக்கு நீங்க போன் பண்ணியிருக்கலாமே அக்கா."

"ஊர்ல எத்தனையோ பேருக்கு லைன் போட்டுக் கொடுத்தவ நான். ரிசீவரை எடுத்தேன், வச்சேன். 'யார் பேசுறீங்க'ன்னு கேட்டா என்ன சொல்றது?"

மேடம் நாற்காலியை மடக்கி இருந்த இடத்திலேயே சாய்த்தார். பிறகு, சாதாரணக் குரலில், "தோட்டக்காரரை இன்னைக்கு விடியக்காலையில பிடிச்சு உள்ளே வச்சுட்டாங்க, தெரியுமா? தள்ளிவிட்டார்னு கேஸ். நாளைக்குக் கோர்ட்," என்றார்.

இனி என்ன வரும் என்று ரேடியோவுக்குத் தெரியும். அம்மாள் மறுப்பார், அழுவார், என் பெயர் வெளியே வரக்கூடாது என்பார். மேடம் கெஞ்ச வேண்டியிருக்கும், மிரட்ட வேண்டியிருக்கும். எல்லாக் கேஸிலும் இந்த இடம் ஒன்று வரும்.

"அவரையா?" அம்மாள் கண்ணாடியை மாட்டினார். "அவர்தானே ஓடி வந்தார்! அவரையா பிடிச்சாங்க? என்கிட்ட யாரும் சொல்லலையே!"

யார் சொல்வார்கள்? அந்த வீட்டுப் பின்கதவைத் தட்டுகிற ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்றார் அம்மாள், செருப்பைத் தேடிக்கொண்டே. "அந்த மிஷினை நீங்க தூக்கிக்குங்க தம்பி. தலையைக் கழட்டிடாதீங்க. அவர் அளவு வச்சு மாட்டினது."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்ட பேசும் சாட்சி நன்றாகவே பேசியது. தெருவில் யார் என்ன சொல்வார்கள் என்று இரண்டு நாளாகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர், ஸ்டேஷன் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தான் எங்கே உட்கார்ந்தேன், எத்தனை மாதமாக உட்காருகிறேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். அசையாமல் கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் கடைசியில் மிஷினின் பிளேடைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார், கப்பல்காரரின் மகனுக்குப் போன் செய்தார். சாயந்திரத்துக்குள் தோட்டக்காரர் வெளியே வந்துவிட்டார். அவர் மனைவி மேடத்தின் கையைப் பிடிக்க வந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முன்னாடியே வந்திருக்கணும்," என்றார் அம்மாள்.

"அந்த மிஷின் ஓடின சத்தம் பொய்யில்லைன்னு சொல்ல ஒருத்தர் வந்தீங்களேம்மா, அது போதும்," என்றார் தோட்டக்காரர்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். வார்டு வாசலில் நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"உறவுக்காரங்க மட்டும்தான். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

போனில் கேட்பார்களே என்று பயந்த கேள்வி நேரிலேயே வந்துவிட்டது. ஸ்டேஷனில் அவ்வளவு பேசியவர் இங்கே வாயடைத்து நின்றார். ரேடியோ உதவிக்கு வார்த்தை தேடினான். அக்கா என்று சொல்லலாம், அத்தை என்று சொல்லலாம். பொய் சொல்வது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த அம்மாளைப் பார்த்தபோது எதையும் பொய்யாகச் சொல்ல மனம் வரவில்லை.

கதவு திறந்தது. கப்பல்காரரின் மகன். இன்ஸ்பெக்டர் போனில் எல்லாம் சொல்லியிருப்பார் என்பது முகத்தில் தெரிந்தது. அம்மாளை அவன் வெகுநேரம் பார்த்தான். அப்பாவிடம் கேட்க வேண்டிய ஏதோ ஒன்றை அவரிடம் கேட்கப் போகிறவன்போல இருந்தது. கேட்கவில்லை.

"உள்ளே ஒரு நாற்காலிதான் இருக்கு," என்றான். "நீங்க உட்காருங்க. நான் நின்னுக்கிறேன்."

கட்டிலில் கப்பல்காரர் தலையில் கட்டோடு படுத்திருந்தார். மத்தியானத்திலிருந்து கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார், பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை என்று மகன் மெல்லிய குரலில் சொன்னான். அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையைக் கட்டிலில் வைக்கலாமா என்று யோசித்து மடியிலேயே வைத்துக்கொண்டார். மேடமும் ரேடியோவும் கதவோரமாக நின்றார்கள். கப்பல்காரரின் கண் திறந்தது. நாற்காலிப் பக்கம் போனது. அங்கேயே நின்றது.

தரை துடைக்கும் பெண் வாளியும் மாப்புமாக உள்ளே வந்தாள். சுவரோரத்திலிருந்து ஆரம்பித்து, அலுக்காமல், நேர்நேராக இழுத்துக்கொண்டே கட்டில் வரைக்கும் வந்தாள்.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா. நாற்காலிக்கு அடியில துடைக்கணும்."

அம்மாள் எழப் போனார்.

"வேண்டாம்."

கரகரவென்று, எங்கோ அடியிலிருந்து வந்த குரல். மகன் திடுக்கிட்டுக் கட்டிலைப் பிடித்தான். கப்பல்காரர் யாரையும் பார்க்கவில்லை, நாற்காலியை மட்டும் பார்த்தார். அடுத்த வார்த்தைகளுக்கு அவர் மிகவும் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

"சுத்திப் போம்மா."

அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேடம் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார், ஏதாவது சொல்வான் என்று. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனது. ஈரத் தரைக்கு நடுவில், அதன் அடியில் மட்டும், ஒரு முழம் காய்ந்தே கிடந்தது.